எனிடெஸ்க் உறைகிறதா? சர்வருக்கு எஸ்எஸ்எச் போதும்

கேள்வி: நிலாவெளியில் வீட்டிலிருந்தே வேலை. திருகோணமலை டவுனில் எங்கள் கடையின் விண்டோஸ் கணினி, கொழும்பில் ஒரு லினக்ஸ் சர்வர், இரண்டையும் எனிடெஸ்க்கில்தான் (தூரத்துக் கணினியின் திரையை இங்கே காட்டும் மென்பொருள்) பார்க்கிறேன். போன் டேட்டாவில் திரை அடிக்கடி உறைந்து நிற்கிறது. எஸ்எஸ்எச் (எழுத்துக் கட்டளைகளால் தூரத்துக் கணினியை இயக்கும் வழி) பழகினால் சரியாகுமா?

பதில்: சர்வருக்குச் சரியாகும். கடைக் கணினிக்கு எனிடெஸ்க்கே இருக்கட்டும்.

எனிடெஸ்க் அனுப்புவது படம். ஒரு ஜன்னலை இழுத்தாலே மாறிய பகுதியெல்லாம் புதிதாக வந்து சேர வேண்டும். எஸ்எஸ்எச்சில் நீங்கள் தட்டும் எழுத்து போகிறது, பதில் எழுத்து வருகிறது, அவ்வளவுதான். ஆயிரம் வரி லாக் (சர்வரின் நிகழ்வுப் பதிவு) கூட நூறு கிலோபைட் அளவில் முடிந்துவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எஸ்எஸ்எச் கூடவே வருகிறது. புட்டி என்ற தனி எஸ்எஸ்எச் மென்பொருளைத் தேடி இறக்கத் தேவையில்லை.

ஆனால் வேகத்தை விட, தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஒரு மாரி இரவு, டேட்டாபேஸை அப்டேட் செய்துகொண்டிருக்கையில் சிக்னல் போய்விட்டது. எஸ்எஸ்எச் அறுந்தால் அதில் ஓடிய வேலையும் பெரும்பாலும் சேர்ந்தே நின்றுவிடும். பாதி டேபிள் புதிது, பாதி பழையது. விடியும்வரை பேக்கப்போடு மல்லுக்கட்டினேன். எனிடெஸ்க்கில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே திறந்தது திறந்தபடி இருக்கும்.

அன்றிலிருந்து சர்வருக்குள் நுழைந்ததும் முதல் வேலை டிமக்ஸ் என்ற நிரலைத் தொடங்குவது; கட்டளைகளை அதற்குள்தான் ஓட்டுவேன். அது சர்வரிலேயே ஓடுவதால் உங்கள் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. திரும்ப நுழைந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ கொடுத்தால் விட்ட இடம் அப்படியே வரும். நீங்களாக விலக கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து, அப்புறம் டி.

பாஸ்வேர்டுக்குப் பதில் கீ (உங்கள் கணினியில் இருக்கும் சாவிக் கோப்பு) போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்தும்போது பழைய ஜன்னலை மூடாமல், இன்னொன்றில் கீ வேலை செய்கிறதா என்று பாருங்கள். அவசரப்பட்டு வெளியே மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

கடைக்கு வருவோம். பில் போடும் மென்பொருள் முழுக்கப் பட்டன்கள்தான். எஸ்எஸ்எச்சின் கறுப்புத் திரையில் அதை என்ன செய்வது? தவிர, சிம் போட்ட ரவுட்டராக இருந்தால் வெளியிலிருந்து நேராக உள்ளே போகப் பெரும்பாலும் வழியிராது. எனிடெஸ்க் உள்ளிருந்து வெளியே போய்த் தன் சர்வரைப் பிடிப்பதால் அங்கேயும் ஓடுகிறது. படத் தரத்தைக் குறையுங்கள், வால்பேப்பரை நிறுத்துங்கள், உறைவது குறையும். யாராவது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ரவுட்டரில் 3389 போர்ட்டை (வெளியிலிருந்து நுழையும் வாசல்) திறந்துவிடச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பாஸ்வேர்டை ஊகிக்கும் நிரல்கள் இரவு பகலாக அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.