சிங்கப்பூர் பயணம்: ஜொகூரில் தங்கினால் மிச்சமா?

கேள்வி: சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுகிறோம். சீட்டு எடுத்த பணம் 3 லட்சம் கையில் இருக்கிறது. பள்ளி லீவில் நான், மனைவி, 12 வயது மகள், 68 வயது அம்மா நாலு பேரும் சிங்கப்பூர் போக ஆசை. கோவையிலிருந்து நேரடி விமானத்துக்குப் போக வர 1,10,000 ரூபாய் ஆகும். லிட்டில் இந்தியாவில் நாலு பேருக்கான அறை இரவுக்கு 180 சிங்கப்பூர் டாலர்++ என்று இருக்கிறது. மச்சானோ, "பக்கத்து மலேசியாவின் ஜொகூர் பாருவில் 80 டாலருக்கு நல்ல அறை கிடைக்கும், அங்கே தங்கி தினமும் போய் வாங்க" என்கிறார். 5 இரவுக்கு எது லாபம்? அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. பணம் போதாவிட்டால் நகையை வைத்து 1 லட்சம் வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த ++ குறியைப் பார்ப்போம். சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம் தனி என்பதுதான் அதன் பொருள். 180 டாலர் அறைக்கு நீங்கள் கட்டப்போவது கிட்டத்தட்ட 216 டாலர். சிங்கப்பூரில் எந்த ஓட்டலை ஒப்பிட்டாலும் வரியெல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

ஒரு டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 இரவுக்கு ஜொகூரில் சுமார் 47,000 ரூபாய் குறைவு. மலேசியா வெளிநாட்டுப் பயணிகளிடம் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறது, அதைக் கழித்தாலும் மச்சான் சொன்ன கணக்கு தப்பில்லை. தறிக்கூலியில் 47,000 சேர்க்க எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் உங்கள் குடும்பத்துக்கு நான் ஜொகூரைச் சொல்லமாட்டேன்.

ஜொகூர் இருப்பது இன்னொரு நாட்டில். பாலக்காட்டில் ரூம் போட்டுக்கொண்டு, தினமும் வாளையாறு தாண்டி காந்திபுரம் வந்து போவதைப் போல என்று மச்சான் நினைத்திருக்கலாம். இங்கே இரண்டு பக்கமும் பாஸ்போர்ட் சோதனை உண்டு. பஸ்ஸில் வந்தால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, நடந்து, வரிசையில் நின்று, மறுபடி பஸ் ஏற வேண்டும். போக இரண்டு, வர இரண்டு என்று ஒரு நாளைக்கு நாலு வரிசை. வெள்ளி மாலையிலும் வார இறுதியிலும் பள்ளி லீவிலும் இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் மணிக்கணக்கில் காத்துக்கிடப்பது சாதாரணம். முழங்கால் வலியோடு அம்மா இதைத் தாங்குவது சிரமம். சிங்கப்பூர் விசாவும் பலமுறை நுழைய இடம் தருவதாக இருக்க வேண்டும்.

பணக் கணக்கிலேயே இன்னொன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் காசு கேட்காத நல்ல காட்சிகள் பொழுது சாய்ந்த பிறகுதான். மரினா பே கரையில் நடக்கும் நீர்-ஒளிக் காட்சி இலவசம். கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் அந்தப் பெரிய இரும்பு மரங்கள் பாட்டோடு ஒளிரும், அதுவும் இலவசம். ஜொகூர் அறைக்கு நேரத்தோடு திரும்ப மாலை ஆறு மணிக்கே கிளம்பினால் இவை போய்விடும். பகலில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது மட்டும் மிஞ்சும்.

லிட்டில் இந்தியாவை இட்லிக்காக நான் சிபாரிசு செய்யவில்லை. (சாப்பாட்டுக்கும் குறைவில்லை, சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது.) அங்கே இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன என்பதுதான் விஷயம். டவுன்டவுன் பாதையில் ஏறினால் வண்டி மாறாமல் பேஃப்ரண்ட் போய் மரினா பே பார்க்கலாம். வடகிழக்குப் பாதையில் சைனாடவுன் இறங்கினால் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் பக்கம், அதே வண்டியில் கடைசிவரை போனால் சுற்றுலாத் தீவான செந்தோசாவுக்குப் போகும் ஹார்பர்ஃப்ரண்ட். ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, அம்மா படியேற வேண்டியதில்லை.

180 டாலர் அதிகம் என்று பட்டால் அதே பாதைகளில் வேறு நிலையங்களின் பக்கம் தேடுங்கள்: ஃபேரர் பார்க், ஜாலான் புசார், பெண்டமியர். பாலஸ்டியர் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ரயில் நிலையத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். கேலாங்கில் இன்னும் மலிவு. அங்கே சில சந்துகளில் விபசார விடுதிகள் இருப்பதால், மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே தங்க வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் வாடகைக்கு அறை என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தனியார் வீடுகளை 3 மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீடுகளை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம்.

போக்குவரத்துச் செலவு பயப்படும்படி இல்லை. ஒரு பயணம் சுமாராக ஒன்று முதல் இரண்டரை டாலர். 45 நிமிடத்துக்குள் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினால் ஒரே பயணமாகவே கணக்கு. பஸ்ஸிலும் ரயிலிலும் கட்டணத்துக்கு ஒரே அட்டையை நாலு பேரும் தட்ட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். நம் ஊர் வங்கி அட்டையைத் தட்டினால் நாணய மாற்றுக் கட்டணம் சேரும் என்பதால் அங்கேயே ஈஸி-லிங்க் என்ற பயண அட்டை வாங்கிவிடுங்கள். இரவு விமானம் என்றால் விடிகாலையில் இறங்குவீர்கள். காலை 6 மணிக்கு முன் டாக்ஸி ஏறினால் மீட்டரில் பாதித் தொகை கூடும், வார நாளில் 6 முதல் 9.30 வரை கால்பங்கு கூடும். விமான நிலையத்தில் ரயில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் ஒரே ஒரு முறை மாறினால் லிட்டில் இந்தியா வந்துவிடும். அறை மதியத்துக்கு மேல்தான் தருவார்கள், பெட்டிகளை ஓட்டலில் வைத்துவிட்டுச் சுற்றலாம். அம்மா களைத்துப்போகும் நேரத்தில் மட்டும் டாக்ஸி பிடியுங்கள், அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்குப் பொதுவாக 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போடுவார்கள். முன்கூட்டியே டாலர் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு மேல். கடையில் மெஷின் "ரூபாயிலா, டாலரிலா" என்று கேட்டால் டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் விலைமாற்று விகிதத்தில் உங்களுக்குத்தான் நஷ்டம். சிங்கப்பூர் வருகை அட்டையை அரசு இணையதளத்தில் நிரப்பக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

ஏஜென்டிடம் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் என்ற வரியைப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், அதுவரை பணம் முடங்கும். விமானத்தையும் அறையையும் தனித்தனியாக நீங்களே பதிவு செய்தால் அது பேக்கேஜ் ஆகாது. அப்புறம், பயணக் காப்பீடு. சிங்கப்பூர் ஆஸ்பத்திரிச் செலவு நம்மால் தாங்கக்கூடியதல்ல. அம்மாவின் சர்க்கரையை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பாலிசி இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

கடைசியாக நகை. வைக்க வேண்டாம். 5 இரவை 4 ஆக்கினால் அறைக்கு சுமார் 60,000. விமானம் 1,10,000, விசாவும் காப்பீடும் 20,000, சாப்பாடு 35,000, ரயிலும் சில டாக்ஸியும் 13,000, நுழைவுச் சீட்டுகள் 20,000. ஆக 2,58,000. விடிகாலை இறங்கினால் நாலு இரவிலேயே ஐந்து பகல் கிடைத்துவிடும். மிச்சம் 42,000-ஐத் தொடாதீர்கள். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு நம் பக்கம் தறிகள் நின்றபோது வீட்டில் என்ன இருந்தது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டிக்கெட் போடும் முன்பே அந்தத் தொகையை, வேண்டும்போது உடைக்கக்கூடிய வங்கி டெபாசிட்டில் உங்கள் மனைவி பேரில் போட்டுவிடுங்கள்.