அனுமதி வாங்கிய பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு சுரங்க நிறுவனத்தின் சட்டப் பிரிவில் நான்கு வருடங்களாக இருக்கிறேன். குத்தகைப் பத்திரம், ஒப்பந்தம், வழக்கு இவைதான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். இப்போது வெடி அட்டவணைக் கூட்டத்துக்கும் சுரங்கக் கழிவைத் தேக்கிவைக்கும் அணையின் ஆய்வுக்கும் கூப்பிடுகிறார்கள். பேசுவதில் பாதி புரிவதில்லை. அங்கே வழக்கறிஞருக்கு என்ன வேலை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கூப்பிடுகிறார்களே, அதுவே நல்ல செய்தி. பல இடங்களில் எல்லாம் முடிந்தபின் வழக்கைப் பார்த்துக்கொள்ளத்தான் சட்டப் பிரிவைத் தேடுவார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகான் கோர்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் புழங்கிய பாறைக்குகைகள். 2020 மே மாதம் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் அவற்றை வெடிவைத்து அழித்தது. அமைச்சரின் ஒப்புதல் 2013லேயே கையில் இருந்தது. ஆனால் 2014இல் நடந்த அகழாய்வில்தான் அந்த இடத்தின் அருமை முழுதாகத் தெரிந்தது. ஒப்புதலோ பழைய தகவலின்மேல் நின்றது. அதை மறுபடி பரிசீலிக்கச் சொல்ல அந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு அன்றைய சட்டத்தில் வழியில்லை. அவர்கள் தடுக்க முயன்றபோது குழிகளில் வெடிமருந்து நிரப்பியாகிவிட்டது. நிரப்பியதைத் திரும்ப எடுப்பது ஆபத்து என்றது நிறுவனம். அந்தச் செப்டம்பரில் தலைமை நிர்வாகி உட்பட மூவர் பதவி விலகுவார்கள் என்ற அறிவிப்பு வந்தது.

அனுமதி இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அந்தச் சட்டப் பிரிவு "இருக்கிறது" என்றுதான் சொல்லியிருக்கும். சரியான பதிலும் அதுவே. அனுமதி வாங்கியபின் என்ன புதிதாகத் தெரிந்தது என்று கேட்பதுதான் உங்கள் புது வேலை.

அதற்கு ஒரு பேரேடு வேண்டும். ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு வரி: எந்த அறிக்கையை நம்பி வாங்கியது, நிபந்தனைகள், அவற்றை நிறைவேற்றும் பதவி, காலாவதித் தேதி. அந்த வரியின் கடைசிக் கட்டம் பெரும்பாலும் விட்டுப்போகும்: அனுமதிக்குப் பிறகு வந்த ஆய்வுகள், ஆட்சேபக் கடிதங்கள். இந்தப் பேரேட்டைச் சுரங்கத் திட்ட வரைபடத்தோடு இணையுங்கள். பெட்டிக்குள் கிடந்தால் பயனில்லை. எந்தப் பகுதியில் துளையிட ஆரம்பிக்கிறார்களோ, அதற்கு முன் உங்கள் கையெழுத்து விழவேண்டும். மருந்து நிரப்பியபின் போடும் கையெழுத்தால் எதையும் நிறுத்த முடியாது. நிறுத்தும் அதிகாரம் எந்தப் பதவிக்கு என்று எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் எல்லாரும் இன்னொருவர் நிறுத்துவார் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

கழிவு அணைக்கு வருவோம். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடிஞோவில் அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அணை உறுதியானது என்ற சான்று அப்போதும் செல்லுபடியாக இருந்தது. நீர் வடியாத நிலைக்கான பாதுகாப்புக் காரணி, அதாவது அணையின் வலு அதன்மேல் உள்ள சுமையைப்போல் எத்தனை மடங்கு என்ற எண், 1.09 என்றுதான் கணக்கு வந்திருந்தது. வழக்கமாக எதிர்பார்ப்பது 1.3. கணக்குப் போடுவது உங்கள் வேலையல்ல. சான்றின் கடைசிப் பக்கத்தைக் கோப்பில் சேர்ப்பதோடு நிற்காமல், எண் என்ன, அளவுகோல் என்ன, இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் யார் ஒப்புக்கொண்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சான்று தரும் நிறுவனத்துக்கு நீங்களே வேறு ஆலோசனை வேலையும் கொடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். அந்த ஒப்பந்தம் உங்கள் மேசை வழியாகத்தானே போகிறது! புரியாத பாதியைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள். "எந்த நிலையில் இந்த எண் பொய்க்கும்?" என்ற கேள்விக்குப் பொறியாளரிடம் நேரான பதில் இருக்கவேண்டும்.

ஆண்டறிக்கை வாசகங்களையும் கவனியுங்கள். ஜாம்பியாவில் செம்புச் சுரங்கக் கழிவு ஆற்றைக் கெடுத்ததாகக் கிராமத்தினர் தொடுத்த வழக்கில், தாய் நிறுவனமான வேதாந்தாவை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. துணை நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தரத்தைத் தாமே கண்காணிப்பதாகத் தாய் நிறுவனம் வெளியிட்ட ஆவணங்களும் அங்கே சாட்சியாயின. விளம்பரப் பிரிவு பெருமைக்கு எழுதும் வரி அது. அச்சுக்குப் போகுமுன் நீங்கள் படிக்கவேண்டும்: சொன்னதைச் செய்கிறோமா? இல்லையென்றால் செய்யவேண்டும், அல்லது வரியை எடுக்கவேண்டும்.

கூட்டங்களில் உட்கார ஆரம்பித்தால் ஒரு சங்கடமும் வரும். வணிக ஆலோசனையும் சட்ட ஆலோசனையும் ஒரே மின்னஞ்சலில் கலந்தால் ரகசியக் காப்பு, அதாவது வழக்கறிஞரின் ஆலோசனையை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்ளும் உரிமை, பலவீனமாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில் நிறுவன வழக்கறிஞரின் ஆலோசனைக்கு அந்தக் காப்பே இல்லை என்று 2010இல் அக்சோ நோபல் வழக்கில் தீர்ப்பானது. உங்கள் பெயரை நகல் வரியில் சேர்த்ததாலேயே எந்தக் கடிதமும் ரகசியமாகிவிடாது. சட்டக் கருத்தைத் தனிக் குறிப்பாக, கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். கூட்டக் குறிப்பில் நடந்ததும் முடிவும் மட்டும் இருக்கட்டும்.