யாமல் ஃபைலும் காலி ஹெட்டரும்

கேள்வி: டிவைஸ் செட்டிங்ஸை யாமல் (YAML, செட்டிங்ஸ் எழுதுற டெக்ஸ்ட் ஃபார்மட்) ஃபைல்ல எழுதி, பைதான்ல லோடு பண்ணி, ஜின்ஜா (Jinja, டெம்ப்ளேட்ல வேல்யூவை நிரப்புற பைதான் லைப்ரரி) டெம்ப்ளேட் வழியா சி ப்ரோக்ராமுக்கான ஹெட்டர் ஃபைல் ஜெனரேட் பண்றோம். நார்வேக்கு என், ஓ-னு ரெண்டெழுத்து கோடு போட்டா ஹெட்டர்ல ஃபால்ஸ்னு வருது, வெர்ஷன் 3.10 போட்டா 3.1 ஆயிடுது, சில இடம் காலியாவே இருக்கு, எர்ரரும் வரல. டெம்ப்ளேட்ல இஃப் போட்டு சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாங்க. டெம்ப்ளேட்ல இஃப் போட ஆரம்பிச்சா ஒவ்வொரு டெம்ப்ளேட்லயும் போடணும், அப்புறம் எது ரூல் எது ஒட்டுன்னே தெரியாது. தப்பு நடக்குறது லோடு பண்ற இடத்துல, அங்கயே பிடிச்சிடணும். பையாமல் (PyYAML, பைதான்ல யாமலைப் படிக்கிற லைப்ரரி) இன்னும் யாமல் 1.1 ரூல்படிதான் படிக்குது, அதுல நோ (நீங்க போட்ட அந்த என், ஓ-தான்), ஆஃப் எல்லாமே ஃபால்ஸ், மேற்கோள் குறி போடாத 3.10 ஒரு தசம எண், அதனால பூஜ்யம் போயிடும், 22:22-னு நேரம் எழுதினா அறுபது அறுபதா கணக்குப் போட்டு 1342-னு குடுக்கும்! 2009ல வந்த 1.2-ல நோ, ஆஃப் சமாச்சாரத்தை எடுத்துட்டாங்க, ஆனா நீங்க யூஸ் பண்ற லைப்ரரி பழசுலயே நிக்குது.

அதனால டிக்‌ஷனரியை அப்படியே டெம்ப்ளேட்டுக்கு அனுப்பாதீங்க, நடுவுல ஒரு கிளாஸ் வைங்க. பைதான்லயே இருக்கிற டேட்டாகிளாஸ் போதுமேன்னு தோணும், ஆனா அது டைப்பை செக் பண்ணாது, ஸ்டிரிங்னு எழுதின இடத்துல ஃபால்ஸ் வந்தாலும் பேசாம வாங்கிக்கும். பைடான்டிக் 2-ல (Pydantic, டேட்டாவோட டைப்பை செக் பண்ற லைப்ரரி) ஒரு மாடல், அதாவது அந்த நடு கிளாஸை, எழுதினா அது அங்கயே நின்னு, எந்த ஃபீல்டுல என்ன தப்புன்னு சொல்லிடும். அதுல எக்ஸ்ட்ரா (extra) ஆப்ஷனை ஃபர்பிட்னு (forbid, மாடல்ல இல்லாத கீயைத் தடுக்கிறது) வைக்க மறக்காதீங்க, இல்லன்னா ஸ்பெல்லிங் மாறின கீயை கண்டுக்காம விட்டுட்டு டிஃபால்ட் வேல்யூவை எடுத்துக்கும். இந்த மாதிரி பக் கண்டுபிடிக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம், ஏன்னா ஹெட்டர் நல்லா கம்பைல் ஆகும், டிவைஸ்லதான் தப்பா ஓடும்.

எனக்கு இன்னும் பிடிச்ச வழி, பையாமலோட பேஸ்லோடரை (BaseLoader) வச்சு ஃபைலைப் படிக்கிறது. அது எல்லாத்தையும் ஸ்டிரிங்காவே குடுக்கும், எது நம்பர், எது ஆமா-இல்லைன்னு உங்க மாடல்தான் முடிவு பண்ணும். வேல்யூ எழுதாம விட்ட கீ மட்டும் காலி ஸ்டிரிங்கா வரும், அதுக்கு மாடல்லயே குறைஞ்சபட்ச நீளம் ஒண்ணு வச்சிடுங்க.

காலியா வர்றது ஜின்ஜாவோட பழக்கம், இல்லாத பேரைக் கேட்டா ஒண்ணும் சொல்லாம வெறுமையா எழுதிட்டுப் போயிடும். ஜின்ஜாவோட செட்டிங்ஸ் இருக்கிற என்விரான்மென்ட்ல (Environment) ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்ட் (StrictUndefined) குடுத்தீங்கன்னா அந்த இடத்துலயே எர்ரர் அடிச்சு நின்னுடும். இதை இன்னைக்கே போடலாம், ஒரே வரிதான், மாடல் எழுத ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்ல.