க்யூவுக்கு யூ எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் ஸ்கிராபிள் குழுவில் சேர்ந்திருக்கிறாள். புள்ளி போட்ட எழுத்துக் காய்களைப் பலகையில் கோத்துச் சொல் அமைக்கும் ஆட்டம் அது. சேர்ந்ததுமே ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் இரண்டெழுத்து ஆங்கிலச் சொற்கள், மொத்தம் 127. ஒன்றுக்கும் பொருள் போடவில்லை. க்யூவும் ஐயும் சேர்ந்தால் ஒரு சொல்லாம், இசட்டும் ஓவும் சேர்ந்தால் இன்னொன்றாம். வீட்டில் இருக்கும் அகராதியில் இவற்றில் பாதியைக் காணோம். எக்ஸ்-யூ என்ற சொல் பலகையில் இருந்தபோது அதன் பின்னால் எஸ் சேர்த்தாளாம், செல்லாது என்று காய்களைத் திரும்ப எடுக்க வைத்துவிட்டார்கள். கைப்பேசிச் செயலியோ இசட்-ஓவையே தவறு என்கிறது. இதெல்லாம் ஆங்கிலம்தானா? பொருள் தெரியாமல் உருப்போடுவதால் என்ன பயன்? படித்துத்தான் ஆகவேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ஒரு தந்தை, மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

செயலியில் பிழையில்லை, பள்ளித் தாளிலும் பிழையில்லை. உலகத்தில் ஆங்கில ஸ்கிராபிளுக்கு இரண்டு சொற்பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்று. இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் காலின்ஸ் பட்டியல். 2019 பதிப்பில் ஓ-கே, இ-டபிள்யூ, இசட்-இ மூன்றும் சேர்ந்தபோதுதான் காலின்ஸின் இரண்டெழுத்துச் சொற்கள் 127 ஆயின. அமெரிக்கப் பட்டியலில் 107தான். இசட்-ஓ அங்கே கிடையாது. செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் பட்டியலைக் காலின்ஸுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத செயலி என்றால் பயிற்சிக்கு அது வேண்டாம். தவறான பட்டியலில் ஊறிவிட்டால் அதை மறக்க வைப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

வீட்டு அகராதியில் பாதி இல்லாததற்குக் காரணம், காலின்ஸ் பட்டியலில் ஸ்காட்லாந்து வழக்கு, வழக்கொழிந்த ஆங்கிலம், நாடுகளின் நாணயம், எழுத்துகளின் பெயர், இசைச் சுரங்களின் பெயர் எல்லாம் அடக்கம். சுருக்கங்கள் மட்டும் சேராது. டீவியும் ஐக்யூவும் செல்லாது. ஓகே செல்வதற்குக் காரணம், அது சுருக்கம் என்ற நிலையைத் தாண்டிச் சொல்லாகவே புழங்குவதுதான்.

இவ்வளவு சின்னச் சொற்களுக்கு ஏன் இந்தப் பாடு என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். பலகையில் குறுக்காக 'ஹோம்' என்ற சொல் இருக்கிறது: எச், ஓ, எம், இ. உங்கள் மகளின் கையில் ஏ, எக்ஸ், இ, எஸ் இருக்கின்றன. கோடரிகளுக்கான ஆங்கிலச் சொல். அதை எங்கோ ஓரிடத்தில் தனியாகக் கோத்து வைத்தால், புள்ளியைப் பெருக்கித் தரும் போனஸ் கட்டங்களை விட்டுவிட்டால், 11 புள்ளி. அதையே 'ஹோம்' சொல்லுக்கு நேர் கீழே, எழுத்துக்கு எழுத்து ஒட்டி வைத்தால் மேலிருந்து கீழாக நான்கு சொற்கள் கூடவே பிறக்கின்றன: எச்-ஏ 5, ஓ-எக்ஸ் 9, எம்-இ 4, இ-எஸ் 2. மொத்தம் 31. காய்கள் அதே நான்குதான். ஆடத் தெரிந்தவருக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த ஒட்டி வைக்கும் வித்தைதான். நான்கில் ஒன்று பட்டியலில் இல்லை என்றாலும் வைத்த காய்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டிவரும். அதனால் ஏறக்குறைய தெரியும் என்பது இங்கே உதவாது.

பொருள் தெரியாமல் ஜெயிக்க முடியுமா என்றால், முடியும். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும் 2024இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் வென்றார். இரண்டு மொழியும் அவருக்குப் பேசத் தெரியாது. ஆனால் அவருடைய நினைவாற்றலை அளவுகோலாக வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூடாது. பொருள் தெரிந்தால் நினைவில் நிற்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒரு சொல்லின் பின்னால் எஸ் ஒட்டுமா ஒட்டாதா என்பதைப் பெரும்பாலும் பொருள்தான் சொல்லும். உங்கள் மகளுக்கு நேர்ந்தது இதுவே. எக்ஸ்-யூ என்பது வியட்நாமில் முன்பு புழங்கிய சில்லறை நாணயம், அந்நாட்டு நாணயமான டாங்கில் நூறில் ஒரு பங்கு. வியட்நாமிய மொழியில் பன்மைக்கு விகுதி கிடையாது. அந்தப் பழக்கத்தோடே ஆங்கிலத்துக்குள் வந்ததால் ஒன்றானாலும் நூறானாலும் எக்ஸ்-யூதான். அதன் தோழன் எக்ஸ்-ஐ கிரேக்க எழுத்தின் பெயர், சாதாரணப் பெயர்ச்சொல், ஆகவே எஸ் ஏற்கும். ஜே-ஓ ஸ்காட்லாந்து வழக்கில் காதலி அல்லது காதலன். பன்மை ஜே-ஓ-இ-எஸ். வெறும் எஸ் மட்டும் ஒட்டினால் செல்லாது. ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ் மூன்றும் எக்ஸில் முடிவதால் நேராக எஸ் ஏற்காதவை. வாயை மூடு என்ற எஸ்-எச், தயக்கத்தைக் காட்டும் எச்-எம் போன்றவை வெறும் ஒலிக்குறிப்புகள், எஸ் ஏற்காது. கடைசி எழுத்தை இரட்டிக்க இடம் தரும். ஆனால் ஏ-எச், ஓ-எச் இரண்டும் ஏற்கும், 'ஆ என்றாள்' என்பதுபோல் அவை வினையாகவும் வருவதால். ஐ-எஃப் என்ற நிபந்தனைச் சொல்லுக்கும் எஸ் உண்டு. ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லாகவும் நடமாடுகிறது. விதிவிலக்குகள் உண்டுதான். ஆனால் பொருளோடு படித்தவருக்கு விதிவிலக்கு எது என்பதாவது தெரியும்.

100 காய்களில் எஸ் நான்குதான். ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர், பன்மை சேர்த்தே பிழைப்பதைத் தடுக்க வேண்டுமென்றே அதைக் குறைத்து வைத்தார். எஸ்ஸைச் செலவழித்தால் எட்டுப் பத்துப் புள்ளியாவது கூடுதலாக வரவேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இனி க்யூ. புதிதாக ஆடுபவர்கள் பயப்படுவது இதற்குத்தான். க்யூ ஒன்று, யூ நான்கு. அந்த நான்கும் போய்விட்டால் க்யூ பாரம். ஆனால் க்யூவுக்கு யூ கட்டாயம் என்பது லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த எழுத்துமுறை. வேறு வழியில் வந்த சொற்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரபியில் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒரு ககரம் உண்டு. ஆங்கிலத்தில் அதைக் க்யூ என்று எழுதுவது வழக்கம். யூ இல்லாத க்யூ சொற்களில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, ஏனோ பயிற்சியாளர்கள் இதைப் பயன்படுத்துவதில்லை. ஃபக்கீர், வக்ஃப், தலாக், நிகாப், புர்கா எல்லாம் காலின்ஸில் க்யூவோடு இருக்கின்றன, நமக்குச் செய்தித்தாளிலேயே பழகியவை. கவ்வாலியும் அதைப் பாடுபவரும் இருக்கிறார்கள். நான்கெழுத்தில் க்யூ-ஏ-ஐ-டி என்பது தலைவர். காயிதே மில்லத் என்கிறோமே, அந்தக் காயித்தான் இது. அதே நான்கு காய்களைக் க்யூ-ஏ-டி-ஐ என்று மாற்றி வைத்தால் இஸ்லாமிய நீதிபதி, நம் ஊர்க் காஜி. மூன்றெழுத்தில் எஸ்-யூ-க்யூ, அரபுச் சந்தை. இங்கே யூ இருக்கிறது, ஆனால் க்யூவுக்கு முன்னால்.

இன்னொன்று, க்யூவும் ஏயும் வந்து 'டேபிள்' என்பதன் முதலெழுத்தில் முடியும் சொல். ஏமன் நாட்டில் கன்னத்தில் அடக்கி மெல்லும் போதை இலை அது.

சீன வழி வேறு. 1958இல் சீனா ஏற்ற பின்யின் எழுத்துமுறையில் க்யூ என்பது ஏறத்தாழச் சகர ஒலி. அதனால் உயிராற்றலைக் குறிக்கும் 'சீ' என்ற சொல் க்யூ-ஐ ஆயிற்று. பழைய முறையில் அதே சொல் சி-எச்-ஐ, ஜப்பானிய வழியில் கே-ஐ. மூன்றும் செல்லும், மூன்றும் எஸ் ஏற்கும். அமெரிக்கப் பட்டியலில் க்யூ-ஐ நுழைந்தது 2006இல்தான். க்யூ-ஐ-என் என்று சீனத் தந்தி வாத்தியம் ஒன்றும் காலின்ஸில் உண்டு. அதாவது க்யூ-ஐக்குப் பின்னால் என், எஸ் என்று இரண்டு எழுத்துகள் ஒட்டும்.

க்யூ-ஐ எவ்வளவு தரும் என்பதற்கு ஓர் அமைப்பு. பலகையில் குறுக்காக 'டாக்ஸி' இருக்கிறது, ஐயில் முடிகிறது. அந்த ஐக்கு நேர் மேலே, எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டம் காலியாக இருக்கிறது. அங்கே க்யூவை வைத்து அதன் வலப்பக்கம் கையில் உள்ள ஐயை வைத்தால் குறுக்கே ஒரு க்யூ-ஐ, நெடுக்கே ஒரு க்யூ-ஐ. க்யூவின் 10 மும்மடங்காகி 30, ஐக்கு 1. ஒரு திசைக்கு 31, இரண்டுக்கும் 62. இரண்டே காய்தான். ஏழு காயையும் ஒரே முறையில் வைத்தால் கிடைக்கும் போனஸே 50தான்.

இசட்டுக்கும் இதே கணக்கு. இசட்-ஏ என்பது பீட்சாவின் அமெரிக்கக் கொச்சை. எஸ் ஏற்கும், பின்னால் எக்ஸ் சேர்த்தால் கூரைப் பலகைக்கல்லை வெட்டும் கருவி. உங்கள் செயலி மறுத்த இசட்-ஓ, திபெத்தில் கவரிமாவையும் பசுவையும் கலந்து பிறப்பிக்கும் மாடு. ஒரே மாட்டுக்கு ஐந்து எழுத்துக்கூட்டு: இசட்-ஓ, இசட்-எச்-ஓ, டி-எஸ்-ஓ, டி-இசட்-ஓ, டி-இசட்-எச்-ஓ. ஐந்தும் செல்லும். மூன்று இசட் சேர்ந்த குறட்டைச் சொல்லும் பட்டியலில் உண்டு. ஆனால் பெட்டியில் இசட் ஒன்றுதான். மற்ற இரண்டுக்கும், எந்த எழுத்தாகவும் கொள்ளக்கூடிய, புள்ளியில்லாத வெற்றுக்காய் இரண்டையும் தாரை வார்த்து 10 புள்ளி பெறுவது வேடிக்கைக்கு மட்டும்.

எக்ஸ் மேற்சொன்ன ஐந்து இரண்டெழுத்துச் சொற்களோடு ஐந்து உயிரெழுத்துகளிலும் ஒட்டுகிறது. ஏ, இ, ஓவுக்குப் பின்னால் வரும், ஐ, யூவுக்கு முன்னால் வரும். இவ்வளவு எளிதாக ஒட்டும் காய்க்கு 8 புள்ளி அதிகம் என்பது என் எண்ணம். பட்ஸ் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணி மதிப்பிட்டபோது இந்தப் பட்டியல்கள் இல்லை.

கையில் உயிரெழுத்து மட்டும் நிறைந்துவிடுவது அடிக்கடி நடக்கும். 100 காய்களில் 42 உயிரெழுத்து. அப்போது ஏ-ஏ: ஹவாயில் எரிமலை கக்கிய கரடுமுரடான பாறைக்குழம்பு. ஏ-ஐ: செயற்கை நுண்ணறிவு அல்ல, அது சுருக்கம். இது தென்னமெரிக்க மரங்களில் தொங்கும் ஸ்லோத் என்ற விலங்கு, மூன்று விரல் வகை. இரண்டு விரல் வகைக்கு யூ-என்-ஏ-யூ, ஒரே வைப்பில் மூன்று உயிரெழுத்து கழியும். ஓ-இ: ஃபாரோ தீவுகளின் சுழற்காற்று. காலின்ஸில் ஏ-ஐ-ஏ என்றும் ஒன்று. நம் ஆயாவேதான், போர்ச்சுகீசியர் வழியாக.

வி-யோடு இரண்டெழுத்துச் சொல் எந்தப் பட்டியலிலும் இல்லை. சி-க்கு காலின்ஸில் சி-எச் ஒன்றே ஒன்று, வழக்கொழிந்த வட்டார ஆங்கிலத்தில் 'நான்'. ஆகவே இந்த இரண்டு எழுத்தும் இருக்கும் பக்கத்தில் ஒட்டி வைப்பது கடினம். முன்னணியில் இருக்கும்போது எதிராளியின் வழியை அடைக்க இவை உதவும்.

படிக்கும் முறை பற்றி. அகர வரிசையில் வேண்டாம். இருக்கிறது, உள்ளே, மேலே என்றெல்லாம் பொருள்படும் அன்றாட ஆங்கிலச் சொற்களைத் தாளில் முதலில் அடித்துவிடுங்கள், அவள் அறிந்தவை அவை. மீதியில் க்யூ, இசட், எக்ஸ், ஜே முதலில். பிறகு உயிரெழுத்துகள் மட்டும் கொண்டவை, பிறகு எச்சும் எம்மும் வரும் ஒலிக்குறிப்புகள், கடைசியாக மற்றவை. சொல்லுக்கு ஓர் அட்டை. நடுவில் சொல், இடப்பக்கம் முன்னால் ஒட்டும் எழுத்துகள், வலப்பக்கம் பின்னால் ஒட்டுபவை. எஸ் ஏற்காததற்குச் சிவப்பில் குறுக்குக்கோடு. பின்பக்கம் பொருள், தமிழில் ஒரு வரி போதும். ஓ-எக்ஸ் அட்டையில் இடப்பக்கம் பெட்டிக்கும் நரிக்கும் உரிய முதலெழுத்துகள் வந்துவிடும். பலகையில் மாடு கிடந்தால் அதைப் பெட்டியாக்கியபடியே இன்னொரு சொல்லைச் செங்குத்தாக இறக்கலாம் என்பது கண்ணில் படும்.

கடைசி நேரக் க்யூவைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். போட்டி விதியில் எதிராளி தன் காய்களை முதலில் தீர்த்துவிட்டால், நம் கையில் மிஞ்சியதன் மதிப்பு இரட்டிப்பாக அவர் கணக்கில் ஏறும். க்யூ மட்டும் மாட்டிக்கொண்டாலே 20 போயிற்று. கையிலுள்ள காயைப் பையில் போட்டு வேறு காய் எடுப்பது, பையில் குறைந்தது ஏழு இருக்கும்வரைதான். ஆகையால் பை அந்த அளவை நெருங்கும்போது, பலகையில் பக்கம் காலியான ஓர் ஐயோ கையில் ஓர் ஐயோ இருக்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டும் இல்லை, யூ நான்கும் போய்விட்டன என்றால் அந்த முறையிலேயே க்யூவைப் பைக்குள் போட்டுவிடட்டும். ஒரு முறை ஆடும் வாய்ப்பு போனாலும் நட்டமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்