கிளேர் வுவாசன் கண்டுபிடித்தது என்ன? – கடிதம்

வணக்கம் ஐயா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளேர் வுவாசன் 2024-இல் ஸ்வீடன் அறிவியல் கழகம் தரும் கிராஃபோர்ட் பரிசு பெற்றது பற்றிய உங்கள் குறிப்பை மகளிடம் காட்டினேன். அவள் பாலக்காட்டில் கணிதப் பட்டப்படிப்பு இரண்டாம் வருடம். மேலே ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். வீட்டிலோ, பி.எட். முடித்துக் கேரள பி.எஸ்.சி. பரீட்சை எழுதினால் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் பக்கத்திலேயே வேலை கிடைக்கும் என்கிறார்கள். வுவாசனுக்கு ஐந்து குழந்தைகள் என்று எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளித்தார்? அவர் கண்டுபிடித்ததுதான் என்ன?

ம.

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதை யாரும் கேட்பதில்லை. கணிதத்தில் பெயர் எடுத்த பெண் என்றால் பிள்ளைகளையும் விருதுகளையும் எண்ணிவிட்டுப் பேச்சை முடித்துவிடுகிறோம்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். மூன்று எண்கள் வேண்டும். மூன்றின் கனங்களையும் கூட்டி, அதோடு 1 சேர்த்தால் விடை 0 வர வேண்டும். 5, –5, –1 சரியாக வரும்: 125 – 125 – 1 + 1. ஐந்துக்குப் பதில் 7 போட்டு, அடுத்ததை –7 ஆக்கினாலும் வரும். எந்த எண்ணைப் போட்டாலும் வரும். மூன்று எண்களையும் ஒரு புள்ளியின் இடமாக எடுத்துக்கொண்டால், இந்தச் சமன்பாட்டின் விடைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வளைந்த பரப்பு. அதில் இப்போது நாம் கண்ட புள்ளிகள் மட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. எண்களை இடம் மாற்றினால் இன்னும் இரண்டு கோடுகள். கலப்பெண்களையும் (–1-இன் வர்க்கமூலம் கலந்த எண்கள்) சேர்த்துக்கொண்டால் மொத்தம் 27. கூர்முனையோ மடிப்போ இல்லாத எந்த மூன்றாம் படிப் பரப்பை எடுத்தாலும், முடிவிலியில் இருப்பவற்றையும் சேர்த்து, அதே 27தான். கேலி, சால்மன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1849-இல் கண்டது இது. சமன்பாட்டையும் வடிவத்தையும் ஒன்றை வைத்து ஒன்றை அறிவது இயற்கணித வடிவியல். வுவாசனின் துறை இதுதான்.

1986-இல் அவர் ஆர்னோ போவில் என்பவரிடம் முடித்த ஆய்வேடும் மூன்றாம் படிச் சமன்பாட்டைப் பற்றியதே, ஆனால் நான்கு பரிமாணத்தில். அந்த வடிவத்தின் மேல் எடுக்கிற சில தொகையீடுகளின் விவரம் மட்டும் கையில் இருந்தால் போதும், வடிவத்தையே மீட்டுவிடலாம் என்று நிறுவினார்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கேலர் வெளிகள் என்று ஒரு வகை வடிவங்கள் உண்டு. சமன்பாடுகளால் எழுதக்கூடிய வடிவங்களின் பல குணங்கள் இவற்றுக்கும் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் சமன்பாட்டால் எழுத முடியாது. இரண்டு பரிமாணத்தில் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெளித்துச் சமன்பாட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஜப்பானியக் கணிதவியலாளர் கொடைரா காட்டியிருந்தார். அதற்கு மேலும் முடியுமா? பல பத்தாண்டுகள் பதில் இல்லை. நான்கு பரிமாணத்திலிருந்து முடியாது என்று 2004-இல் வுவாசன் வெளியிட்டார். எவ்வளவு நெளித்தாலும் சமன்பாட்டுக்குள் வராத ஒன்றைக் கையாலேயே கட்டிக் காட்டினார். ஒன்று இல்லை என்று நிறுவுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆம் என்று வரும் என எதிர்பார்த்து வேலை செய்கிறவர்கள் நடுவில் இருந்துகொண்டு அதைச் செய்தார்.

இனி குடும்பம். 1962-இல் பாரிஸுக்கு அருகே பிறந்தவர், பன்னிரண்டு பிள்ளைகளில் பத்தாவது. பொறியாளரான அப்பா வீட்டில் வடிவியல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கணவர் ஜான்-மிஷேல் கோரோனும் கணிதவியலாளர். ஆனால் நான் முக்கியமாக நினைப்பது வேறு: ஆய்வேடு முடித்த அந்த 1986-லேயே பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தில் சேர்ந்துவிட்டார். அரசுச் சம்பளம், நிரந்தர வேலை, வகுப்பு எடுக்கும் கட்டாயமும் இல்லை. குழந்தைகள் இருந்தும் ஒரே கேள்வியோடு வருடக்கணக்கில் இருக்க முடிந்ததற்கு அவருடைய திறமை பாதி, அந்த வேலை பாதி என்பேன். தியாகம், வைராக்கியம் என்று மகளிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். அத்தனைக்கும் பிறகும் 1530-இல் தொடங்கிய, பாரிஸின் புகழ்பெற்ற ஆய்வு நிறுவனமான காலேஜ் து பிரான்ஸில் கணிதப் பேராசிரியர் இருக்கைக்கு முதல் பெண்ணாக அவர் வந்தது 2016-இல்தான் என்பதை நினைத்தால் மனது கொதிக்கிறது.

பிரான்ஸ் தூரம் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படியானால் ஆர். பரிமளாவைச் சொல்லுங்கள். சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்து, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் இருபடி வடிவங்களில் (x² + y² போன்ற கோவைகள்) வேலை செய்த கணிதவியலாளர். 1987-இல் இந்திய அறிவியலாளர்களுக்கான பட்நாகர் விருது. 2010-இல் ஹைதராபாதில் உலகக் கணித மாநாடு நடந்தபோது முழு அவைக்கும் உரையாற்றினார்.

சரி, இப்போது செய்யவேண்டியது. இளநிலை மாணவர்களுக்கு எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி 1993 முதல் நடக்கிறது. அதற்கு அவள் விண்ணப்பிக்கட்டும். ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கலாம், பாலக்காடு ஐ.ஐ.டி. உங்களுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டில்தான் இருக்கிறது. சென்னையை அடுத்த சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் தனியாக நுழைவுத்தேர்வு வைக்கிறது. இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். எம்.எஸ்சி. முடித்த பிறகும் பி.எட். சேரலாம் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.