விக்டர் ஷெல்ஷேர் யார்? பிரான்சின் அடிமை ஒழிப்பில் அவர் பங்கு என்ன?

1804-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவுக்குப் பீங்கான் தொழில். அந்தச் சரக்குக்கு ஆர்டர் பிடிக்கத்தான் 1829-இல் மெக்சிகோ, கியூபா பக்கம் போனார். கியூபாவில் அடிமைகள் படும் பாட்டை நேரில் பார்த்தது அவரை ஆட்டிவிட்டது. அதன்பின் வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை; எழுத்து, பிரசாரம் என்று இறங்கிவிட்டார்.

1848 புரட்சிக்குப் பின் காலனித் துறைத் துணைச் செயலாளரானார். ஏப்ரல் 27-ஆம் தேதியே அடிமை ஒழிப்பு ஆணை வந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு விடுதலை. ஆனால் அவர் ஒருவரே வாங்கித் தந்தார் என்று சொல்வது சரியல்ல. ஆணை கப்பலில் வந்து சேரும் முன்பே, மே 22-இல் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுக் காலனித் தீவான மார்த்தினிக்கின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. நஷ்ட ஈடு போனதோ அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அப்புறம் 1851 டிசம்பர். அப்போதைய ஜனாதிபதி லூயி நெப்போலியன் முழு ஆட்சியையும் கைப்பற்றியதை எதிர்த்து பாரிஸ் தெருவில் தடுப்பு எழுப்பினார்கள். ஷெல்ஷேரும் சில நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஆயுதமின்றி இறங்கி, துப்பாக்கி நீட்டிய சிப்பாய்களை நோக்கி நடந்தார்கள். தடுப்பின் மேல் நின்ற சக உறுப்பினர் போதென் சுடப்பட்டு இறந்தார். ஷெல்ஷேர் தப்பி, 1870 வரை பெரும்பாலும் லண்டனில் இருந்தார்.

திரும்பியபின் 1875-இல் ஆயுட்கால செனட்டர். 1853 முதல் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றார்களே, அந்த முறையையும் அவர் கண்டித்தார். 1893-இல் காலமானார், 1949-இல் அவர் உடல் பாரிஸில் நாட்டின் பெரியோர்களை அடக்கம் செய்யும் நினைவிடமான பாந்தியோனுக்கு மாற்றப்பட்டது, தந்தையின் உடலோடு சேர்த்து.