பொய்ச் சீட்டும் ஒரு சிறு ஆந்தையும்

கேள்வி: காட்டுச் சிறு ஆந்தையை சாலிம் அலி போன்றவர்களே தேடிக் காணவில்லை என்று பறவை நோக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். அவர்களுக்கே அகப்படாத பறவை பின்னர் எப்படி அகப்பட்டது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த ஆந்தை ஒளிந்துகொள்ளவில்லை, தேடியவர்களுக்குக் கிடைத்த முகவரிதான் பொய். 1872இல் மத்திய இந்தியாவில் பிளூவிட் என்பவர் சேகரித்த பறவையைக் கொண்டு, மறு ஆண்டு ஆலன் ஹியூம் (பின்னாளில் காங்கிரஸ் உருவாகக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான்) இந்த இனத்தைப் பதிவு செய்தார். 1884க்குப் பிறகு உண்மையான பதிவு எதுவும் இல்லை. ஆனால், குஜராத்தின் மாண்ட்வியில் 1914இல் தாம் சுட்டதாகச் சீட்டு எழுதி, ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஒரு மாதிரியை (பாடம் செய்த பறவையுடலை) தம் சேகரிப்பில் வைத்திருந்தார். அதை நம்பி மாண்ட்விப் பக்கம் நடந்த தேடல்கள் எல்லாம் வீணாயின.

அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் காட்டுக்குப் போகும் முன் அருங்காட்சியகப் பெட்டிகளைத் திறந்தார். மைனர்ட்ஷாகனின் மாதிரியைப் பாடம் செய்த கைவழக்கம், ஜேம்ஸ் டேவிட்சன் என்ற ஆட்சிப் பணி அதிகாரி 1880களில் மகாராஷ்டிரத்தின் கான்தேஷ் பகுதியில் சேகரித்தவற்றோடு ஒத்திருந்தது. அது திருடப்பட்டு, பிரித்துத் திரும்பத் தைக்கப்பட்டு, புதுச் சீட்டு ஒட்டப்பட்ட பறவை என்பது தெளிவாயிற்று. சீட்டில் எழுதிய ஒரு வரி எத்தனை பேருடைய கால்களை வீணாக நடக்கவைத்தது என்று எண்ணும்போது எனக்கு எரிச்சலே மிஞ்சுகிறது.

மாண்ட்வியை விலக்கியபின் மிஞ்சிய பழைய இடங்களை ராஸ்முசன், பென் கிங், டேவிட் அபாட் ஆகிய மூவரும் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தனர். 1997 நவம்பர் 25 அன்று, மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகே சாத்புரா மலையடிவாரத்தில், இலையுதிர்ந்த ஒரு மரத்தில் நல்ல வெளிச்சத்தில் அது அமர்ந்திருந்தது. நம் ஊர்ப் புளியமரங்களில் காணும் புள்ளி ஆந்தைதானோ என்ற ஐயம் எவருக்கும் எழும். ஆனால் இதன் உச்சந்தலையில் அந்த வெண்புள்ளிகள் ஏறக்குறைய இல்லை, இறக்கையிலும் வாலிலும் பட்டைகள் அழுத்தமாக இருக்கும், அடிவயிறு தூய வெள்ளை. இது பகலிலும் இரை தேடும் ஆந்தை என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால், இரவில் மட்டும் நடமாடும் பறவையை எப்படித் தேடுவார்கள்?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: உங்களுக்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆந்திரத்தில் கலிவிக்கோடி எனப்படும் ஜெர்டான் கோர்சர் என்ற தரைப்பறவை 1900க்குப் பின் காணாமல் போய், 1986இல் கடப்பைப் பகுதியில், இரவு வேளையில் உள்ளூர் மனிதர் ஒருவரின் கையில்தான் அகப்பட்டது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் புதர்களுக்கிடையே மெல்லிய மண்ணைப் பட்டையாகப் பரப்பி, மாலையில் சமன்படுத்திவிட்டு, விடிந்ததும் குனிந்து பார்த்தார்கள்: பின்விரல் இல்லாத மூவிரல் தடம் விழுந்திருக்கிறதா என்று. ஆள்காட்டிக் குருவியின் தடமும் ஏறத்தாழ அப்படியே இருக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் அளந்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது.